நண்டும் முள்ளுக்கரண்டியும்

2003 ஆகஸ்ட் 9, சனி. ஊர்காவற்றுறை.

கொழும்பிலிருந்து ஊர் திரும்பியும் கோபம் ஆறவில்லை. கனடாவில் வாழும் அண்ணையும் அவர் மனைவியும் என்னைக் கொழும்பில் சீன, தாய்லாந்துச் சமையல் கலந்த பெரிய உணவகம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். நண்டு வந்தது. முள்ளுக்கரண்டி வழுக்கியது. நான் கையால் எடுத்து ஓட்டைக் கடித்து உடைத்தேன்.

"மச்சாள், எல்லாரும் பாக்கினம். கையால சாப்பிடாதேங்கோ," என்றாள் அவள்.

"பாக்கட்டும். நண்டைக் கையாலதான் தின்னுறது."

எங்கள் ஐயா பிடித்த நண்டைத் தின்று வளர்ந்த அண்ணை தட்டைப் பார்த்தபடி இருந்தார். அதுதான் சுட்டது. கடைசிக் கால்வரை உறிஞ்சிவிட்டுத்தான் நான் எழும்பினேன்.

யாழ்ப்பாணத்தில் தங்கியிருக்கும் இருவரும் நாளை இங்கே சாப்பிட வருகிறார்கள். நண்டுதான் சமைப்பேன். கரண்டி ஒன்றும் மேசைக்கு வராது.