போளூர் வளைவில் மாலை ஆறு மணி

16 ஜூன் 2025, திங்கள்

ஜெபக்குமாருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

காலையில் அலுவலகப் பலகையில் சுற்றறிக்கை. டிஜிட்டல் கற்பித்தல் மையத்தின் பொறுப்பாளர்: ஜெபக்குமார், பொருளியல் துறை. இப்போதைக்குத் தற்காலிகம்தானாம். ஆசிரியர்களுக்கான முதல் சுற்றுப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு டீன் நிரந்தரம் செய்வாராம்.

கொரோனா காலத்தில் இந்தக் கல்லூரியில் முதலில் கேமரா முன்னால் நின்றது யார்? சொந்தக் காசில் விளக்கும் மைக்கும் வாங்கி, படுக்கையறைச் சுவரில் பச்சைத் துணி கட்டி, இயற்பியலுக்கு முப்பத்தெட்டு வீடியோ எடுத்தேன். நான் பதிவு செய்யும் நேரமெல்லாம் சகாயராணி குக்கர் வைக்காமல் சமைத்தாள். அப்போது ஜெபக்குமார் மின்னஞ்சலில் கோப்பு இணைக்கத் தெரியாமல் என் மேசைக்கு வந்து நிற்பான். "அந்தோணி, கிளிப்பு மாதிரி ஒண்ணு இருக்கே, அதத்தானய்யா அமுக்கணும்?" ஒரு தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும்.

அந்த ஆள்தான் இனி எனக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறான்.

17 ஜூன்

எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். நான் நூலகத்தில் வேலை இருப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டேன்.

23 ஜூன், திங்கள்

பயிற்சி தொடங்கியது. கருத்தரங்கக் கூடத்தில் ஆசிரியர்கள் எல்லோரும், முன்வரிசையில் டீன் ஆக்ஸிலியா மேடம். ஜெபக்குமார் ஸ்லைடு ஒன்றும் கொண்டுவரவில்லை. பெரிய பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தான்.

"இந்தக் கருவிகள்ல பாதிக்கு மேல எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சவங்க சொல்லிக் குடுங்க. எத எப்ப எடுக்கணும், எப்ப எடுக்கக் கூடாதுன்னு மட்டும் சேந்து யோசிப்போம்" என்றான். கைதட்டல். தெரியாது என்பதற்குக் கைதட்டல். நான் பத்து வருடமாகத் தெரிந்துவைத்திருப்பதற்கு ஒருவரும் கை அசைத்ததில்லை.

பிறகு அவனுடைய ஏற்பாட்டைச் சொன்னான். ஒவ்வொரு ஆசிரியரும் மாணவர்களுக்கு அனுப்பும் பாடம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். வேறொருவர் அதை எடுத்துக்கொண்டு ஒரு மாணவரின் ஊருக்குப் போய், அந்த மாணவரின் போனில், மாணவரைப்போல உட்கார்ந்து படிக்க வேண்டும். திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் குறைகளைச் சொல்ல வேண்டும். கருவிப் பேச்செல்லாம் அதற்கப்புறம்.

யாருக்கு யார் பாடம் என்று சீட்டு எழுதித் தன் கம்பளிக் குல்லாவில் போட்டு நீட்டினான். எனக்கு அவனுடைய பாடமே வந்தது. ஊர் போளூர், மலையில் எங்கேயோ மேலே.

"அந்தோணிகிட்டயா மாட்டுனேன்? ஏலே, இனி ஆண்டவர்தான் காப்பாத்தணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். அவன் நிரந்தரமாவதும் ஆகாததும் இப்போது என் வாயில் இருக்கிறது.

24 ஜூன்

என் வீடியோ தாவரவியல் கேத்தரினுக்குப் போயிருக்கிறது. ஒளிவிலகல், பன்னிரண்டாவது வீடியோ. கண்ணாடிப் பட்டகத்தை வைத்து நானே எடுத்தது. இருப்பதில் அதுதான் மிகச் சிறந்தது. கேத்தரின் பார்க்கட்டும்.

5 ஜூலை, சனி

போளூர் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். முதுகு போய்விட்டது. பஸ்ஸில் பாதி தூரம் உரமூட்டை மேல்தான் உட்கார்ந்தேன்.

ஜெபக்குமாரின் மாணவி இரண்டாமாண்டு படிக்கிறாள். அம்மா ராக்காயி சின்னதாகக் கேரட் தோட்டம் போட்டிருக்கிறார். மகள் திரை கீறிய தன் போனைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. ஊருக்கு மேலே சாலை திரும்பும் வளைவில் மட்டும் கிடைக்கும். அங்கே போய்ப் பாடத்தை இறக்கிக்கொண்டு வந்தோம். இறங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வீடியோ இல்லை, படம் இல்லை. நான்கு நிமிடக் குரல் மட்டும்.

விலை குறைந்தால் சந்தைக்கு விற்க வரும் சரக்கு எவ்வளவு குறையும் என்பதுதான் பாடம். அதில் அவன் கேட்கிறான்: "கேரட் வெல பாதியாப் போச்சுன்னா உங்க வீட்ல பறிப்பீங்களா, மண்ணுலயே விட்ருவீங்களா? அம்மாகிட்ட கேளு. ஏன்னு கேளு. அவங்க சொல்ற காரணத்த உன் கொரல்ல எனக்கு அனுப்பு."

அவள் கேட்டாள். ராக்காயி மடக்கிவைத்த சாக்கின்மேல் உட்கார்ந்து, பறிகூலி, லாரி வாடகை, அடுத்த நடவு என்று ஆரம்பித்தார். மகள் குறுக்கே குறுக்கே கேட்டாள். அரை மணி நேரம் வீட்டுக்குள் ஒரு வகுப்பு நடந்தது. நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

நன்றாக இருக்கிறது. எழுதும்போதே கை கசக்கிறது. அந்தக் குரலில் ஒரு அலங்காரமும் இல்லை, டீக்கடையில் பேசுகிற மாதிரி பேசுகிறான். என் முப்பத்தெட்டில் ஒன்றாவது எந்த வீட்டிலாவது இப்படி ஒரு பேச்சை ஆரம்பித்துவைத்திருக்குமா? வேண்டாம். இதை யோசிக்க நான் போகவில்லை. குறை கண்டுபிடிக்கப் போனேன்.

கண்டுபிடித்தேன்.

பதில் அன்று மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று வைத்திருக்கிறான். அதற்கு மறுபடியும் வளைவுக்குப் போக வேண்டும். ஐந்தரைக்கு மூவரும் ஏறினோம். மூடுபனி. அவள் போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தபோது ராக்காயி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மேலே சரிவில் காட்டுமாடுகள். நான்கோ ஐந்தோ. முதலில் வந்தது எங்கள் பஸ்ஸின் பாதி உயரம் இருக்கும். சாலையோரம் இருந்த மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டோம். அவை சாலையைக் கடந்து போகும்வரை அந்தப் பெண் போனைத் தூக்கிய கையை இறக்கவே இல்லை. பதில் போய்க்கொண்டிருந்தது.

"டெய்லி இப்படித்தானாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஆறு மணிக்குக் கேக்குற அன்னைக்கெல்லாம் இப்படித்தான் சார்."

"எங்க வீட்டுக் கோழியே அஞ்சரைக்கு அடஞ்சிரும். இவ படிச்சவ, ஆறு மணிக்கு வெளிய நிக்கிறா" என்றார் ராக்காயி.

எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். மாட்டிக்கொண்டான்.

6 ஜூலை, ஞாயிறு

பூசைக்குப் போனேன். மனம் அங்கே இல்லை. பிரசங்கம் முடிவதற்குள் பதினொரு குறைகள் தேறிவிட்டன.

11 ஜூலை, வெள்ளி

முதலில் கேத்தரின் பேசினாள். வடகவுஞ்சியில் ஒரு மாணவன் வீட்டில் உட்கார்ந்து என் ஒளிவிலகலை இறக்கினாளாம். "காலைல ஆரம்பிச்சது சார். சாப்பிட்டு வந்து பாத்தேன், சுத்திக்கிட்டு இருந்துச்சு. மழையும் வந்து நின்னுருச்சு. பட்டகம் வர்றதுக்குள்ள அந்தத் தம்பியோட அன்னைக்கு நெட்டு தீந்துருச்சு." கூடமே சிரித்தது. கேத்தரின் சிரிக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். ஜெபக்குமார் எழுந்து, "சிரிக்காதீங்க. இவரு எடுக்கலன்னா அந்த வருசம் நம்மள்ல ஒருத்தரும் எடுத்திருக்க மாட்டோம்" என்றான். அவனை யார் கேட்டது? அவன் எனக்காகப் பேசுவதைவிடக் கூடமே சிரித்தது மேல்.

அடுத்து நான். படித்தேன். குரலில் காற்று இரைகிறது. "மேலே உள்ள படத்தைப் பாருங்கள்" என்கிறான், படமே இல்லை. தேர்வில் வரும் ஆங்கிலச் சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. புரியாதவள் திருப்பிக் கேட்க வழி இல்லை. இப்படிப் பத்து. காட்டுமாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னேன். டீன் தலையைத் தூக்கி ஜெபக்குமாரைப் பார்த்தார்.

பாடம் நன்றாக இருந்தது என்று மட்டும் நான் சொல்லவில்லை.

அவன் எல்லாவற்றையும் உள்ளங்கையில் தாள் வைத்து எழுதிக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. "ஆறு மணி என் தப்பு" என்றான். "அந்தப் புள்ளைக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுறேன்." எழுந்து வெளியே போனான். நான் எதிர்பார்த்தது இது இல்லை. வாதாடுவான் என்று நினைத்தேன். வாதாடினால் சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன்.

12 ஜூலை

தூக்கம் இல்லை. ஏன் என்று தெரியவில்லை. நான் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லையே.

28 ஜூலை, திங்கள்

டீன் அறைக்குக் கூப்பிட்டார். ஜெபக்குமாரும் இருந்தான். அவனையே நிரந்தரம் செய்கிறார்கள். சரி. அது எனக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டதுபோல உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவன் சொன்னது: "மேடம், வெளிய போற ஒவ்வொரு பாடத்தையும் முதல்ல அந்தோணி பாக்கட்டும். இவரு சரின்னு சொன்னாத்தான் அனுப்பணும். என்னோடதும்தான். இவரு மாதிரி குத்தம் கண்டுபிடிக்க இந்த மலையில ஆள் கெடையாது."

ஆக்ஸிலியா மேடம் சிரிப்பை அடக்கினார். அவமானம். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் சகாயராணியிடம் கத்தினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "ஏங்க, இத்தன வருசமா சும்மா பாத்துக்கிட்டிருந்த சோலிதானே. இப்ப ஆர்டர் போட்டுக் குடுக்குறாங்க. வாங்கிக்கங்க" என்றாள்.

4 ஆகஸ்ட்

வாங்கிக்கொண்டேன். அவனுக்காக இல்லை.

22 ஆகஸ்ட்

வேதியியல் பாடத்தைத் திருப்பி அனுப்பினேன். கேத்தரினுடையதை இரண்டு முறை. ஜெபக்குமாருடையதை மூன்று முறை, மூன்றாவதில் குறை ஒன்றும் இல்லாமலே அனுப்பினேன். அவன் கேட்டுவிட்டு, "இதுல என்னய்யா?" என்றான். "இன்னொரு தடவ கேளு" என்றேன். கேட்டு, ஒரு இடத்தை நல்லதாக்கிவிட்டான். படுபாவி.

13 செப்டம்பர், சனி

ஒளிவிலகலை ஐந்து நிமிடக் குரலாகச் சுருக்கியிருக்கிறேன். பட்டகம் இல்லை. டம்ளர் தண்ணீரில் கரண்டியைப் போட்டு வீட்டில் உள்ளவர்களிடம் காட்டு, அது ஏன் ஒடிந்த மாதிரி தெரிகிறது என்று அவர்கள் சொல்வதை அனுப்பு என்று கேட்கிறேன். மறுநாள் மத்தியானம்வரை நேரம். பதிவு செய்ய அரை நாள். சகாயராணி மறுபடியும் குக்கரை நிறுத்தினாள்.

என் பாடத்தை யார் பார்ப்பது? அது மட்டும் யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஜெபக்குமாருக்கு அனுப்பினேன். வேறு யாருக்கு அனுப்புவது.

14 செப்டம்பர், ஞாயிறு

பதில் வந்தது. பாராட்டு ஒரு சொல் இல்லை. மூன்று குறைகள். மூன்றும் சரி.

நான்காவது ஒன்று இருக்கிறது. அவன் காதில் விழவில்லை. சொல்லமாட்டேன். நாளை வெள்ளனே எழுந்து நானே திருத்திவிட வேண்டும்.