பெயருக்குப் பதில் நட்சத்திரம்

ஆத்தாவுக்கு,

அனுசியா வணங்கி எழுதுவது. அட்டை கடித்த புண் ஆறிவிட்டதா?

இங்கே ஒரு சின்னத் தப்பு நடந்தது. வேலை போகவில்லை, பயப்படாதே. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் புரோகிராமில், யார் எதைப் பார்க்கலாம் என்கிற எல்லா அனுமதிகளுக்கும் அடிப்படையாக, கிளாஸ் என்று ஒரு பகுதி உண்டு. அதில் எந்த அனுமதியோ அதன் பெயரைக் கொடுக்க வேண்டும். பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லா அனுமதியும் கிடைத்துவிடும். சோதனைக்குப் போட்டதை நான் அழிக்க மறந்தேன். ஆபீசில் எல்லோருடைய விவரமும் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

என் விவரத்தில் தாயின் தொழில், ஏலக்காய் எடுக்கும் கூலி. பக்கத்துச் சீட்டு நிவேதா சிரித்தாள்: "ஏன்டி, சொந்த எஸ்டேட்டுல உங்கம்மாவே காய் எடுக்குறாங்களா?"

எஸ்டேட் நமக்குச் சொந்தம் என்று நான்தான் சொல்லியிருந்தேன், ஆத்தா. நட்சத்திரத்தை அன்றே திருத்திவிட்டேன். உன்னிடம் இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை.

போடியிலிருந்து யாராவது வந்தால், நீ மலைக்குக் கட்டிப்போகும் சேலை ஒன்று கொடுத்துவிடு. இங்கே குளிர். துவைக்க வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

அனுசியா