இன்காக்களின் களஞ்சியமும் உன்னுடைய கதிரையும்

என் அன்பு மச்சான் குலம்,

எண் போடாமல் எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். ஆகவே, இந்தக் கடிதத்தில் வருபவை:

1. பட்டிமன்றம் நடந்ததா?
2. அஸ்தெக்குகளைப் பற்றி நான் பேசியது.
3. இன்காக்களைப் பற்றி நான் பேசியது.
4. நீ பேசியது.

நான்காவதைப் பார்த்துச் சிரிக்காதே. நீ பேசினாய்.

பட்டிமன்றம் நடந்தது. 'ஸ்பானியர் தாமாக வென்றார்களா, உள்ளூரார் வெல்ல வைத்தார்களா?' என்று எங்கள் பெண்டில் ஹில் ஊர் முதியோர் கூட்டத்தில் நாமிருவரும் வாதாடுவதாக ஒப்புக்கொண்டிருந்தோம் அல்லவா? நீ எங்களை விட்டுப் போனதும் நான் நழுவப் பார்த்தேன். மேடை எப்போதும் உன்னுடையது; குறிப்பு எழுதுவதுதான் என் வேலை. உன் மனைவி விடவில்லை. என் தங்கைதானே, என்னை அறிவாள்.

"அண்ணை, வீடு கனநாளாச் சத்தமில்லாமல் கிடக்கு. அவர் கதைக்கிறதை ஒருக்காக் கேக்கோணும் போலை இருக்கு. அவரின்ரை கட்சியையும் நீங்களே பேசுங்கோ" என்றாள்.

"எனக்கு அவரைப்போலை கத்த வராது, மங்கை."

"கத்த வேண்டாம். பிழையாச் சொன்னாலே காணும். திருத்துறதுக்கு அவரே வருவார்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் கேட்க விரும்பியது உன்னை. என்னால் அது முடியுமா?

மேடையில் இரண்டு கதிரை போடச் சொன்னேன். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. கட்சி மாறும்போது கதிரை மாறுவதாக ஏற்பாடு. முன்வரிசையில் இருந்த பவளம் அக்கா உடனே தொடங்கிவிட்டார். "போத்துக்கீசன் எங்களுக்குக் 'கதிரை' எண்ட சொல்லையாவது விட்டிட்டுப் போனவன். ஸ்பானியன் அங்கை என்னத்தை விட்டவன்?" மண்டபமே சிரித்தது.

என் கதிரையில் இருந்து தாளைப் பார்த்து வாசித்தேன். அஸ்தெக்குகள் அடக்கிய ஊர்கள் துணியும் கொக்கோவும் இறகும் திறையாகக் கட்டின. அவர்களுடைய பெரிய சந்தைகளில் கொக்கோ விதையே சில்லறை. திறை கட்டிச் சலித்த ஊர்களும், திலாஸ்கலா போன்ற அடங்காத எதிரிகளும் ஸ்பானியரோடு சேர்ந்தார்கள். திலாஸ்கலாக்காரரைக் கேட்டால், அது தங்கள் வெற்றி என்பார்கள். இதுவரை உனக்கும் எனக்கும் சண்டையில்லை.

இன்காக்கள் வேறு என்றேன். அவர்கள் பெரும்பாலும் உழைப்பையே வரியாகக் கேட்டார்கள். முறைவைத்து வயலிலும் வீதியிலும் வேலை செய்தவர்களுக்கு அரசு விருந்து வைத்தது. மலைச்சரிவெல்லாம் களஞ்சியம், படைக்கும் பஞ்சத்துக்கும் அதிலிருந்துதான். வயிறு நிறைந்த குடிகளுக்கு மனக்குறை ஏது? அண்ணனும் தம்பியும் அரசுரிமைக்காக அடிபட்டுக் களைத்த நேரம் பார்த்து, குதிரையும் வாளுமாக வந்து, ஸ்பானியர் தாமாகவே வென்றார்கள் என்று முடித்தேன். அம்மை நோயையும் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஒரு தாளைத் தவறவிட்டிருக்கவும் கூடும்.

பிறகு உன் கதிரைக்கு மாறினேன். இரண்டு வரி வாசித்திருப்பேன்.

"அண்ணை, அவர் இப்பிடி முனகமாட்டார்!" மங்கைதான்.

தாளைக் கீழே வைத்தேன். அதன்பின் என்ன நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மேசையில் ஓங்கி அடித்தேன். எதிரே காலியாக இருந்த என் கதிரையைப் பார்த்து, "டேய் விசரா!" என்றேன்.

"அந்தக் களஞ்சியத்தை நிரப்பினது ஆர்? நீ பாடுபட்டு விளைவிச்சதை வேறையொருத்தன் பூட்டி வைச்சு, அதிலை கொஞ்சத்தை எடுத்து உனக்கு விருந்து எண்டு தந்தால், கும்பிட்டு வாங்குவியோ? இன்காக்களுக்குக் கீழை இருந்த ஹுவாங்கா சனத்தைப் பார்! ஸ்பானியன் வந்தவுடனை அதே களஞ்சியங்களிலை இருந்து அவனுக்கு அள்ளிக் குடுத்தவங்கள். குடுத்ததையெல்லாம் கயித்திலை முடிச்சுப் போட்டுக் கணக்கு வைச்சு, பிறகு 'எங்களாலைதான் நீ வெண்டனி, அதுக்குரியதைத் தா' எண்டு அவன்ரை நீதிமன்றத்திலையே வழக்கு வைச்சவங்கள். தோத்தவன் அப்பிடிக் கேப்பானோ?"

மண்டபம் அதிர்ந்தது. மங்கை வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளைத் தட்டித் தட்டி, "இவர்தான்! இவரேதான்!" என்றாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

"தம்பி, உங்கடை கதிரைக்குப் போங்கோ. மறுமொழி சொல்லோணுமெல்லே" என்றார் பவளம் அக்கா.

என் தாளில் மறுமொழி இருந்தது. இன்காக்களின் முறைவேலையைப் பிறகு ஸ்பானியர் எடுத்துக்கொண்டு சுரங்கங்களுக்கு ஆள் பிடித்தார்கள். துணை நின்றவர்களையும் அவர்கள் விடவில்லை. நல்ல மறுமொழி. ஆனால் நான் எழும்பவில்லை.

"இல்லையக்கா, எனக்கு இதுதான் வசதியாக் கிடக்கு" என்றேன்.

கை உயர்த்தச் சொன்னார்கள். நீ வென்றாய். மங்கை இரண்டு கையையும் உயர்த்தினாள். செல்லாது என்று நான் சொல்லவில்லை.

இனிச் சனிக்கிழமைகளில் கிரவீனில் உன் வீட்டுக்கு வந்து, மங்கை தேநீர் ஊற்றும்போது, உன் கட்சியையும் சேர்த்துப் பேசுவேன். சத்தமாகவே பேசுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இன்னொன்று. இன்காக் குடிகளுக்கு மனக்குறை இல்லை என்று இவ்வளவு காலமும் உன்னோடு மல்லுக்கட்டினேனே, அது பிழை என்று நினைக்கிறேன். இல்லை மச்சான், பிழைதான்.

உன்னிடம் தோற்றதில் மகிழும்,
உன் மனைவியின் அண்ணன்