சனிக்கிழமை நுரை

ஹாவ்லி
நவம்பர் 16, சனிக்கிழமை

அன்பு மகள் சிக்னேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி ஆர்விட் குடும்பமும் சௌக்கியம், என் இடது முழங்காலைத் தவிர, அது மழை வருவதை ரேடியோ சொல்வதற்கு முன்னாலேயே எனக்குச் சொல்லிவிடுகிறது. வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே வசந்தம் என்று எழுதியிருந்தாய், இங்கே பதினொரு நாளாக மழை விடவில்லை, நம் லாண்டரியில் உலர்த்தும் மெஷின்கள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. ஆர்விட் போனில் உன்னிடம் அரைகுறையாக ஏதோ சொல்லியிருக்கிறான், நீயும் பயந்துபோய் இரண்டு தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. கோபம் ஒன்றும் இல்லை அம்மா, போனில் முழுசாகச் சொல்ல வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

பீவர் ஓடையில் சனிக்கிழமை மத்தியானம் நுரை வருமே, ஞாபகம் இருக்கிறதா? நம் பள்ளத்தாக்கில் பனி விழுவது அபூர்வம், அதனால் அதுதான் உங்களுக்குப் பனி. ஓட்டல் படுக்கை விரிப்புகளைச் சனிக்கிழமைதான் துவைப்போம், நான் மெஷினை விட்டு நகர முடியாது, அம்மாதான் உனக்கும் தம்பிக்கும் ரப்பர் பூட்ஸ் மாட்டி, தெர்மாஸில் கோகோவும் வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்கு ரொட்டியும் எடுத்துக்கொண்டு போவாள். நீ நுரையை அள்ளி முகவாயில் ஒட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, “ஆல்மா, என் காபி எங்க?” என்று என்னைப் போலவே கத்துவாயாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அவள் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது, அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் சமையலறையில் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும். பிறகு ஒரு இலையுதிர் காலத்தில் அதே இடத்தில் சால்மன் மீன்கள் செத்து மிதந்தன. மேலே இருக்கிற பிரென்டன் ஊர்க்காரர்கள்தான் எதையோ ஓடையில் விடுகிறார்கள் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன், அதைச் சொல்லித்தான் நகரசபைத் தேர்தலில் நாற்பத்தோரு ஓட்டில் ஜெயித்தேன். அன்றிலிருந்து பிரென்டனுக்கு நான் எழுதிய கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. கால்பந்து பார்க்க அங்கே போனால், “என்ன எய்னர், இந்த வார நுரை ருசியா இருந்துச்சா?” என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு இன்னும் ரோஷம் ஏறும்.

இந்த வருஷம் இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டன. மழைநீர் வடிகாலில் யார் கடையிலிருந்து அழுக்கு போகிறது என்று ஊர் ஊராகப் பார்க்கச் சொல்லி மாநிலத்திலிருந்து உத்தரவு. சின்ன ஊர்கள், ஆளுக்கொரு பரிசோதகர் போட வசதி இல்லை, போட்டாலும் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதனால் அவர்கள் ஆள் நம் கடைகளைப் பார்ப்பது, நம் ஆள் அவர்கள் கடைகளைப் பார்ப்பது என்று ஏற்பாடு. இந்த மாற்றிப் பார்க்கிற யோசனையைக் கூட்டத்தில் எழுந்து கேட்டு வாங்கியதே நான்தான். “நம்ம ஆளு உள்ள போனாத்தான் பிரென்டன் வண்டவாளம் வெளிய வரும்” என்று முழங்கினேன். நம் வாசலுக்கு யார் வருவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போன மாசக் கடைசியில் பிரென்டனிலிருந்து நவோமி ஹிராய் என்று ஒரு பெண் மஞ்சள் மழைக்கோட்டோடு வந்தாள். “சார், உங்க கடையும் லிஸ்ட்ல இருக்கு, ஒரு மணி நேரம்தான்” என்றாள். நான் காபி கொடுத்து அவள் ஊர் அழுக்கைப் பற்றி ஒரு பாட்டம் பேசினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கப் பின்னறை மெஷினுக்குள் பச்சைச் சாயம் ஊற்றி ஓடவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, “சார், நீங்களும் வந்து பாருங்க, நான் மட்டும் பார்த்துட்டுப் போனா நல்லாருக்காது” என்றாள். கடைக்குப் பின்னால் சரிவில் கருப்பு பெர்ரிப் புதருக்குள் ஒரு குழாய் வாய். அதிலிருந்து பச்சையாகக் கொட்டுகிறது. நீங்கள் விளையாடின மடு முழுக்கப் பச்சை. அந்தக் குழாயை இணைத்தது நான், சிக்னே. எழுபத்தொன்பதில் ஓட்டல் துணிகளுக்காகப் பின்னறை கட்டினபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் ஹால்வர் மாமா மண்ணை வெட்ட, நான் குழாயைப் பொருத்தினேன். மண்ணுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழாய் போயிற்று, ஒன்று சாக்கடை, இன்னொன்று ஓடைக்குப் போகிற மழைத்தண்ணீர். யாரையும் கேட்கவில்லை, வரைபடம் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாததா என்று கைக்கு வந்ததில் சேர்த்துவிட்டேன். அம்மா வந்து நின்று, “இது எங்கங்க போகுது?” என்று கேட்டாள். “போக வேண்டிய இடத்துக்குப் போகும், நீ போய்க் காபி போடு” என்றேன்.

அறிக்கையில் குழாயை இணைத்தவர் யார் என்று எழுத ஒரு இடம். நவோமி அதை நிரப்பவில்லை, “பதினாலாம் தேதி வியாழக்கிழமை ரெண்டு ஊர்க் கூட்டம் இருக்கு, அதுக்குள்ள சொல்லுங்க சார்” என்று போய்விட்டாள். ஆர்விட், “அப்பா, ஹால்வர் மாமா போட்டாருன்னு சொல்லிடுங்க. அவர் போய்ப் பதினெட்டு வருஷம் ஆச்சு, யாரு கேக்கப்போறா?” என்றான். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், இரண்டு நாள் அந்த யோசனை எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஹால்வர் நான் காட்டின இடத்தில் வெட்டினான், அவ்வளவுதான், பாவம். முந்தாநாள் வியாழக்கிழமை, சர்ச்சுக்குப் போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டு பிரென்டன் பள்ளிக்கூட ஹாலுக்குப் போய் எழுந்து நின்றேன். “அந்தக் குழாயைப் போட்டது நான். இத்தனை வருஷமா உங்களைத் திட்டினதும் நான். ரெண்டுக்கும் மன்னிச்சுக்குங்க” என்றேன். அப்புறம் பின்னாலிருந்து என் வயசுக்காரர் ஒருவர், “அட எய்னர், உன் பேச்சைக் கேட்டு எங்க ஊர்ல நாங்களே ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டோமேய்யா!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் அவர் சொன்னது உறைத்தது. நேற்று ஆட்கள் வந்து குழாயைச் சாக்கடையோடு சேர்த்துவிட்டார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காகக்கூட இல்லை. சாயம் விட்ட அன்றைக்கு நவோமி குழாய் வாயில் குனிந்து, “லாண்டரித் தண்ணின்னா சோப்பு வாசனை காட்டிக் கொடுத்துடும், இதுல வாசனையே இல்லையே, அதான் யாருக்கும் தெரியலை” என்றாள். முன்பு நம் சோப்புத்தூளில் லாவெண்டர் வாசனை வரும், உனக்குத் தெரியுமே, ஓட்டல்காரர்களே அதற்காக நம்மிடம் வந்தார்கள். நான் தேர்தலில் ஜெயித்த குளிர்காலத்தில் அம்மா அதை நிறுத்திவிட்டு வாசனையில்லாத தூள் வாங்கினாள். நான் கத்தினேன், “எனக்குத் தலை வலிக்குது” என்றாள். அதே குளிர்காலத்தில்தான் உங்களை ஓடைக்குக் கூட்டிப்போவதையும் நிறுத்தினாள். நீ பூட்ஸ் மாட்டிக்கொண்டு கதவடியில் உட்கார்ந்து அழுதாய், சளி பிடிக்கும் என்றாள். இரண்டையும் நான் இந்த வாரம்தான் சேர்த்து வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனை வருஷம், நான் மேஜையில் உட்கார்ந்து பிரென்டனுக்கு எழுதுவேன், அவள் வாங்கிப் படித்துவிட்டு, “கொஞ்சம் காரத்தைக் குறைங்களேன்” என்பாள், பிறகு அவளே தபால்தலை ஒட்டுவாள். எல்லாம் தெரிந்தும் என் மானத்துக்காக அந்த ஓடையை விட்டுக்கொடுத்தாளா என்று நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் அவளைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை? ஒரு தடவை கேட்டாள். நான் காபி போடச் சொன்னேன்.

இன்று சனிக்கிழமை, விரிப்புகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்விட்டிடம் கடையை விட்டுவிட்டு மடுவுக்குப் போனேன். ஒரு மணி நேரம் நின்றேன். தண்ணீரும் ஆல்டர் மரத்து இலைகளும்தான் வந்தன. சந்தோஷப்பட வேண்டியவன், நுரை வராதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன், வெட்கமாக இருக்கிறது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம், கடவுள் உங்களைக் குறைவில்லாமல் வைக்கட்டும். கம்பளிக் காலுறை நாலு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், குழந்தைகளுக்குப் பெரிதாக இருந்தால் வைத்திரு, வளர்ந்துவிடுவார்கள். ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. கடைசியாக ஓடைக்குப் போன அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் நீ. அவள் அந்த நுரையை அள்ளி முகர்ந்து பார்த்தாளா? ஏதாவது சொன்னாளா? சொல்லியிருந்தால் எனக்காக மாற்றாமல், அவள் சொன்னபடியே எழுது. இந்தத் தடவை அப்பா கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு, உன்னை நினைக்காத நாளில்லாத
அப்பா எய்னர்