எள்ளளவு உண்ணி

அண்ணை,

இன்று உங்கள் ஆண்டுத் திவசம். இங்கே கனடாவில், அஜக்ஸில் உங்கள் மகளின் வீட்டில் வைத்துச் செய்தோம். உங்களுக்கு ஆண்பிள்ளை இல்லாதபடியால் கடமை என் தலையில். ஐயர் என் உள்ளங்கையில் எள்ளை வைத்துத் தண்ணீர் வார்த்தார். எல்லாம் வழிந்தோட, ஒரேயொரு எள் மட்டும் ரேகையில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு ஐயர் சொன்ன மந்திரம் ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

உங்கள் தம்பி சாதாரண ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வெக்ஸ்போர்ட்டில் பனியில் புதைந்த பஸ்ஸை ஒற்றைக் கையால் தூக்கி வைத்தவன். நயாகராவை இரண்டு நிமிடம் நிற்பாட்டி முகம் கழுவியவன். "உன்ர புழுகுக்கும் சேர்த்தோடா அகதி அந்தஸ்து குடுத்தவங்கள்?" என்று கேட்பீர்கள்.

தொண்ணூறுகளில் ஒரு கோடை. ஈரி ஏரிக்கரையில் கூடாரம் அடித்து நாலு நாள் நின்றோம். உங்கள் ஏழு வயது மகள் புல்லோடு புல்லாகக் கிடந்தாள். கடைசி நாள் அவள் காதுக்குப் பின்னால் ஓர் உண்ணியைக் கண்டேன். நகத்தால் கிள்ளி ஏரிக்குள் எறிந்துவிட்டு, சாப்பாட்டு நேரம் கதையை அவிழ்த்துவிட்டேன்: "ஆமையளவு உண்ணி! நாலு வெள்ளைக்காரர் கயிறு கட்டி இழுத்தவங்கள்!" எல்லாரும் சிரித்தார்கள். உண்ணி என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

சில கிழமைகள் கழித்து ஒரு காலை, அவள் குடித்த பால் கடைவாயால் வழிந்தது. வலது கண் மூடவில்லை. சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் போனது. காரில் வரும்போது காற்றுப் பட்டிருக்கும் என்றார்கள் சனம். ஆனால் டொக்டர், "உண்ணி ஏதும் கடித்ததா?" என்று கேட்டார். உண்ணி கொண்டுவரும் லைம் என்ற நோயாலும் பிள்ளைகளுக்கு முகம் இப்படி இழுக்குமாம். அண்ணி இல்லை என்று தலையாட்டினா.

"ஓம், கடிச்சது. நான்தான் புடுங்கினனான்."

"தம்பி, இந்த நேரத்திலுமோ உங்கட புழுகு?" அண்ணி அழுதுவிட்டா.

நான் கோயில் கோயிலாகச் சத்தியம் செய்தேன். செய்யச் செய்ய அதுவும் புழுகு போலவே கேட்டது. நீங்கள் என்னை வெளியே கூட்டிப்போய், தோளைப் பிடித்தீர்கள்.

"ஒருக்கா, ஒரே ஒருக்கா உள்ளதைச் சொல்லு. எவ்வளவு பெரிசு?"

"எள்ளளவு, அண்ணை."

என் முகத்தை உற்றுப் பார்த்தீர்கள். உள்ளே போய் அண்ணியிடம் சொன்னீர்கள்: "உண்மைதான். இவன் பிறந்த நாள் தொட்டு ஒண்டையும் சின்னதாச் சொன்னதில்லை."

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதேதான். மருந்து தொடங்கியது. படுக்குமுன் அவள் கண்ணை மூடி நீங்களே பிளாஸ்டர் ஒட்டிவிடுவீர்கள். விடிந்ததும், "கன்னத்தை ஊது பாப்பம், குஞ்சு." காற்று ஒரு பக்கத்தால் போய்விடும். நீங்கள் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். மேப்பிள் இலை சிவந்த ஒரு காலையில் அந்தக் காற்று போகவில்லை. இரண்டு கன்னமும் பலூன். என்னைப் பார்த்து அந்த வலது கண்ணையே சிமிட்டினாள், கள்ளி.

ஆமைக் கதையை நீங்கள் ஒருநாளும் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் அண்ணிக்கு நினைவிருந்திருக்கும். அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

திவசம் முடிந்தும் நான் கையை விரித்தபடியே இருந்தேன். உங்கள் மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன சித்தப்பா, கையில?"

"அப்பான்ர எள்ளு."

"எவ்வளவு பெரிசு?"

ஆமை நாக்கு நுனிவரை வந்தது, அண்ணை. விழுங்கிவிட்டேன்.

"எள்ளளவுதான், பிள்ளை."

அவள் சிரித்தாள். வாயின் இரண்டு ஓரமும் ஒன்றாகவே மேலே போயின.