வியாழக்கிழமைத் தண்ணீர்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே அனைவரும் நலம், அங்கே நலமறிய ஆவல் என்றுதான் மாப்பிள்ளை ஆரம்பித்தார். அதை அடிக்கச் சொன்னேன். இங்கே அனைவரும் நலமில்லை. உங்கள் நலமறிய இப்போதைக்கு எனக்கு ஆவலும் இல்லை. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், எழுதுவது உங்கள் மகன்தான். வார்த்தை என்னுடையது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒருவர் எழுதுகிறாரா, எழுதுகிற மாதிரி பேனாவை ஆட்டுகிறாரா என்று பார்த்தால் தெரியும். இதற்குள் ஒரு தடவை ஆட்டிவிட்டார். மறுபடி சொல்லி எழுத வைத்தேன்.

படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவர் நேற்று வீட்டுக்கு வந்து நீங்கள் சொல்லி அனுப்பியதைச் சொன்னார். வருகிற வியாழக்கிழமை ஆற்றுத் தண்ணீர் சுத்தமாக இருக்கும், அண்டா குடம் எல்லாவற்றிலும் பிடித்து வைத்துக்கொள்ளட்டும் என்றீர்களாம். அப்படியென்றால் உங்கள் நாடும் எங்கள் நாடும் சேர்ந்து ஆற்றைச் சோதிக்கிற கமிட்டி மறுபடி வருகிறது, நீங்களும் மறுபடி சாயப்பட்டறை மதகை மூடப்போகிறீர்கள் என்று அர்த்தம். உங்கள் அக்கறைக்கு நன்றி. அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம்.

பேத்தி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். காய்ச்சல் விட்டுவிட்டது, பள்ளிக்கூடம் போகிறாள் என்று உங்கள் மகன் போன கடிதத்தில் எழுதியது பொய். அக்கரையில் தனியாக இருக்கிற அப்பா பதறுவாரே என்று எழுதினாராம். பதறட்டும் என்கிறேன் நான். முகம் வீங்கி, கண்ணை முழுசாகத் திறக்க முடியாமல் கிடக்கிறாள். கிட்னி என்கிறார் டாக்டரம்மா. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிசு இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஈரம் ஏறி, பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிற ஒரு வார்டு. ஒரு கட்டிலில் ரெண்டு பிள்ளைகள், காலும் தலையுமாக. எல்லாம் ஆற்றோரத் தெருப் பிள்ளைகள்.

எப்படி ஆயிற்று என்று கேட்பீர்கள். சொல்கிறேன். மற்ற நாளில் அந்த ஆற்றில் நாங்கள் பாத்திரம்கூடக் கழுவுவதில்லை. என் மகள் மேட்டுத் தெரு அடிபம்பில் வரிசையில் நின்றுதான் பிடிக்கிறாள். உங்களிடமிருந்து செய்தி வந்தால் மட்டும்தான் ஆற்றுக்கு இறங்குவோம். போன தடவை கமிட்டி வந்தபோதும் இதே ஆள் வந்தார், இதே செய்தியைச் சொன்னார். மகள் வேலை முடிந்து வந்து சாயங்காலம் பிடித்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அதிகாரிகள் மத்தியானமே கிளம்பிவிட்டார்கள், தேக்கி வைத்ததையெல்லாம் பட்டறை முதலாளி ஒரே மூச்சில் திறந்துவிடச் சொல்லிவிட்டார் என்று எங்களுக்கு யார் சொன்னது? மறுநாள் படகுத்துறையில் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் எங்களுக்கே தெரியும்.

திறந்தால் முதலில் வருவது துணி வெளுக்கிற மருந்துத் தண்ணீர், அதற்கு நிறமே கிடையாது, நீலம் அதற்குப் பின்னால்தான் வரும். இதை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். பெண் பார்க்க வந்த அன்று, என் வீட்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, தேநீரை ஆற்றிக்கொண்டே, உங்கள் வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னீர்கள். எனக்கு மறக்கவில்லை. எனக்கு எதுவும் மறப்பதில்லை, அதுதான் தொல்லை.

பெரியவர்கள் எல்லோரும் வாந்தி எடுத்தோம், பிழைத்தோம். முதல் டம்ளர் பேத்திக்குத்தான் போயிற்று. மதகுத் தாத்தா தண்ணி எனக்குத்தான் முதல்ல என்று சண்டை போட்டு வாங்கிக் குடித்தாள். மற்ற வீடுகளுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்டால், என் மகள்தான் சந்தோஷத்தில் தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள், எங்க மாமனார் சொல்லி அனுப்பியிருக்கார், பயப்படாமல் பிடிங்க என்று. இப்போது அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாமல் போகிறாள்.

டாக்டரம்மா நல்லவர். தண்ணீரால்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அப்படி எழுத முடியாதாம். ரெண்டு அரசாங்கமும் முத்திரை போட்டு, இந்த ஆற்றுத் தண்ணீரில் குறையில்லை என்று கமிட்டி சொல்லியிருக்கிறதாம். அது இருக்கிறவரை குடிதண்ணீர் லாரி வராது, தனி வார்டு வராது, பட்டறையை யாரும் தொட முடியாது. கெட்ட தண்ணீர் என்று ஒரே ஒரு தடவை கமிட்டி கையில் சிக்கிவிட்டால் அத்தனையும் மறுநாளே செய்தாக வேண்டும் என்பது ஒப்பந்தமாம். ஒப்பந்தத்தில் ஒரு குறையும் இல்லை, சம்பந்தி. குறை கமிட்டி வருகிற அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது.

அந்தக் கூத்தை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். இங்கிருந்து ஒரு படகு, அங்கிருந்து ஒரு படகு. நட்டாற்றில் ரெண்டும் ஒட்டி நிற்கும். கை குலுக்குவார்கள். ஆளுக்கொரு பாட்டில் முக்கி எடுத்து வெயிலில் தூக்கிப் பார்ப்பார்கள். கொடி பிடிக்கிறவன்கூட வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பான். ரெண்டு நாடும் இவ்வளவு ஒற்றுமையாகச் சேர்ந்து ஏமாறுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் கரைக்காரன் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. சந்தைக்குப் பின்னால் போகிற சாக்கடையைக் கட்டியவன் நான்தான். கொத்தனாராக நான் வாங்கிய பெரிய வேலை அதுதான். மழைத் தண்ணீர் போகத்தான் கட்டச் சொன்னார்கள். இன்று ஆஸ்பத்திரிக் கழிவும் இறைச்சிக்கூடத்து ரத்தமும் அதில்தான் ஆற்றுக்குப் போகிறது. கமிட்டி வருகிற அன்று நகராட்சி மேஸ்திரி அதன் வாயை மணல் மூட்டையால் அடைத்து, மேலே பூந்தொட்டி வைத்துவிடுவான். அந்த மேஸ்திரி என் மூத்த மகன். பூசி மெழுகுவது எங்கள் பரம்பரைத் தொழில்தான், ஆனால் நான் சுவரில்தான் பூசினேன்.

எங்கள் ஊரைத் தாண்டி ஆறு வளைந்து மறுபடி உங்கள் நாட்டுக்குள் போகிறது. அங்கேதான் உங்கள் அக்கா குடியிருக்கிறார். போன வருஷம் அவர் வீட்டில் வரிசையாக வயிற்றுப்போக்கு வந்து எல்லோரும் படுத்தபோது நீங்கள் படகேறி வந்து என் வாசலில் நின்று கத்தினீர்கள். “உங்க ஊர்ச் சாக்கடையைக் குடிக்கவா சம்பந்தி என் அக்காவைக் கட்டிக் கொடுத்தோம்?” என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் எல்லாம் திறந்தது. நியாயமான கேள்வி. இப்போது என் முறை. அதே கேள்வியை நீங்களே உங்களிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கேட்டுவிட்டுச் சும்மா போகிறவன் இல்லை நான். வியாழக்கிழமை விடிந்ததும் கடப்பாரையோடு சந்தைக்குப் பின்னால் போகிறேன். மூட்டைகளை இழுத்துப் போட்டு, முதல் பலகைக்கல்லையும் தூக்கி வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். போட்டவனுக்குத் தூக்கத் தெரியும். மகனிடம் நேற்றே சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் அப்பா என்றான். போகட்டும்டா என்றேன். அதிலிருந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. மருமகள் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிடுகிறது.

உங்கள் சாக்கடை எங்கள் மேல், எங்கள் சாக்கடை உங்கள் மேல். பெரிய மனுஷர்கள் கை குலுக்கிச் செய்யாததை நாம் ரெண்டு கிழவர்கள் செய்வோம். நான் திறக்கிறேன். நீங்கள் மூடாதீர்கள்.

கூண்டேறிச் சாட்சி சொல்லக் கேட்கவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்கவும் கேட்கவில்லை. மதகை மூடுகிற அந்தச் சக்கரத்தைச் சுற்றாதீர்கள், அவ்வளவுதான். மேனேஜர் கத்தினால் முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லுங்கள். நம் வயசில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். துருவேறிவிட்டது என்று சொல்லுங்கள். மறந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். குடியிருக்கிற குவார்ட்டர்ஸ் போகும், ஓய்வு பெறும்போது வர வேண்டியது வராமல் போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறேன். வீடு போனால் இங்கே வாருங்கள். மகன் இருக்கிற வீடு உங்களுக்கு அந்நியமில்லை. வீட்டோடு மாப்பிள்ளை என்று இத்தனை வருஷம் அவரைக் கேலி பேசினீர்களே, நீங்களும் வீட்டோடு சம்பந்தியாக வந்துவிடுங்கள்.

இந்த இடத்தில் மாப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அப்பாகிட்ட இதைக் கேக்காதீங்க மாமா, அவருக்கு அந்த மதகை விட்டா வேற ஒண்ணுமில்ல” என்றார். கேட்கட்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள் மாப்பிள்ளை, நீங்கள் வேண்டாம் என்றால் இந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்றேன். எழுந்து போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தார். மேலே உள்ளதும் இதுவும் அவர் ஒன்றுவிடாமல் எழுதியவை. பேனா ஓடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேத்தி உங்களைத் தேடுகிறாள். கையில் மருந்து ஏற்றுகிற குழாயில் விரல் நகம் அளவுக்கு ஒரு சக்கரம் இருக்கிறது. உருட்டினால் சொட்டு நிற்கும், திருப்பினால் வரும். நர்ஸ் அதை உருட்டுவதைப் பார்த்துவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைக் கேட்டாள், மதகுத் தாத்தாவோட சக்கரம் இதைவிடப் பெரிசுதானே என்று. ஆமாம் கண்ணு, ரொம்பப் பெரிசு என்றேன். அவர் எப்ப வருவார் என்றாள். வியாழக்கிழமை அவருக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது, அது முடிந்ததும் வருவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது என் வாயால் அவளிடம் வந்த பொய்யாகிவிடக் கூடாது.

பதில் எழுத வேண்டாம். வந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. வியாழக்கிழமை சாக்கடையோரம் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணாடி மாதிரி வந்தால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவேன், அதற்குப் பிறகு நமக்குள் பேச்சில்லை. நீலமாக வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், மதகுத் தாத்தா பதில் போட்டுவிட்டார் என்று அவளிடம் சொல்வேன்.

உங்கள் கை கால் நல்லபடியாக இருக்க வேண்டும், நீண்ட நாள் இருக்க வேண்டும். அந்த ஒரு நாள் மட்டும் அவை சும்மா இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியின் இன்னொரு தாத்தா
(பெருவிரல் ரேகை)