வீடு மாறி வந்தவர்கள்

என் ராசாவுக்கு,

அப்பாவை அடக்கம் செய்தாயிற்று. வந்தவர்கள் எல்லாம் அவர் போரில் வாங்கிய பதக்கத்தைப் பற்றியே பேசினார்கள். நான் அவருடைய காதுகளை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. என் சமையலைப் புகழும்போதெல்லாம் காது சிவந்துவிடும்.

பட்டாளத்தில் அவர் கடைசியாகப் பார்த்த வேலை உனக்குத் தெரியாது. இறந்த சிப்பாய்களின் வீட்டுக்கு இரண்டு பேராகப் போவார்கள். ஒருவர் செய்தியைச் சொல்வார். மற்றவர், கேட்டு விழுகிறவரைத் தாங்கிக்கொள்வார். அப்பா தாங்குகிறவர். அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்ததும் உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். நீ தூங்கிய பிறகும் இறக்கிவிடமாட்டார்.

நீ எல்லைக்குப் போனதிலிருந்து அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. போன வாரம் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. சீருடையில் இரண்டு பேர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள்.

நான் எழுந்தேன்.

"கதவத் தெறக்காத," என்றார். "வீடு மாறி வந்திருக்காங்க. நீ உக்காரு."

காது செக்கச்செவேலென்று சிவந்திருந்தது.

என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். அழைப்பு மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிடி தளர்ந்ததும் திரும்பினேன். தரையில் கிடந்தார். அவரைத் தாங்கத்தான் ஆளில்லாமல் போயிற்று.

இதோ, அந்த இரண்டு பேரும் மறுபடி வந்து மணி அடிக்கிறார்கள். அடிக்கட்டும். அங்கே குளிர் அதிகமாமே, போர்த்திக்கொண்டு தூங்கு, கண்ணு.

வீடு மாறி வந்தவர்கள்தான். இதை எழுதும்போது என் காதும் சுடுகிறது.

கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா